தம்பி விரலில் செல்

மரவாடிக்காரர் வீட்டுப் பெண்ணுக்குச் செல் என்றால் ஒரே அர்த்தம்தான்: மரத்தைத் தின்னும் கறையான். செங்கல்பட்டில் எங்கள் அத்தா மரமும் பலகையும் விற்கும் மரவாடியில் பாம்பு வந்தால்கூட யாரும் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். செல் வந்துவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு அம்மாவும் ஓடிவருவாள்.

ஐம்பதுகளின் தொடக்கம், எனக்குப் பத்து வயது. நாலு வயதுத் தம்பியை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதாவது பார்க்காமல் புளியங்காய் தின்றுகொண்டிருந்தபோது, அவன் இரண்டு பலகைகளுக்கு நடுவே கையை விட்டான். பலகை சரிந்து நசுக்கியதில் வலக்கை ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. நகத்தின் வேர் தப்பியிருக்கிறது, வளர்ந்தாலும் வளரும் என்று சொல்லிக் கம்பவுண்டர் கட்டுப் போட்டார். என்னை யாரும் அடிக்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. விரல் வளராவிட்டால் ஆயுசுக்கும் நான்தான் குற்றவாளி.

அந்த வாரம் பார்த்து டீச்சர் வகுப்பில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். நம் உடம்பு முழுக்கச் செல்லாம். ஒன்று இரண்டாகுமாம், இரண்டு நாலாகுமாம், அப்படியே பெருகிக்கொண்டே போகுமாம். மற்ற பிள்ளைகள் சமர்த்தாக எழுதிக்கொண்டார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. உத்தரத்தையே தின்கிற செல்லுக்குத் தம்பியின் விரல் எம்மாத்திரம்?

செல்லுக்கு மருந்து எனக்கா தெரியாது? கட்டில் காலைச் சுற்றித் தடவுவதுபோல, தம்பியின் மணிக்கட்டைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவினேன். மூன்றாம் நாள் நாற்றம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"இன்னாடி பண்ணிகினு கீற கொயந்தைய?" என்றாள் அம்மா.

"உள்ள செல்லு கீதும்மா. டீச்சரே சொல்லிட்டாங்க."

அம்மா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். டீச்சர் என்றதும் ஓங்கிய கை இறங்கியது.

"சரி, புண்ணுல படாம தடவு."

ஒன்றரை மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது விரல் முழுசாக இருந்தது, நுனியில் அரிசி அளவு நகத்தோடு. அத்தா அந்த விரலை முத்தமிட்டு அழுதுவிட்டார். அதற்கப்புறம் யார் வந்தாலும் மரத்தைக் காட்டும் முன்னே தம்பியின் விரலைத்தான் காட்டினார். மகாபலிபுரம் குப்பத்திலிருந்து படகுக்குப் பலகை வாங்க வந்தவர் வாய் பிளந்தார்.

"யாரு வைத்தியம் பாய் இது?"

அத்தா என்னை முன்னால் தள்ளினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. செல்லைப் பூண்டோடு ஒழித்தது நான்தான் என்று மரவாடி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அன்று என்னைவிடப் பெரிய வைத்தியர் சென்னைப்பட்டணத்திலும் இல்லை.

இராப்பகலாக ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி அந்த விரலைக் கட்டி முடித்தது யாரென்று அப்போது எனக்குத் தெரியாது. அவர்களைத்தான் ஒழித்துவிட்டதாக மார்தட்டிக்கொண்டு நின்றேன். அதே மாதம் என் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. வெளுத்துத் துணியைச் சுருக்கிவிட்டார் என்று சலவைக்காரரோடு சண்டைக்குப் போனேன்.