டவாலி சுப்புராயன் கேட்ட கைத்தடி

டவாலி சுப்புராயன் மேஜிஸ்திரேட்டைக் காலில் விழ வைத்துவிட்டார் என்று 1951 கோடையில் கல்மண்டபத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. திருவொற்றியூர் போய்ச் சேர்வதற்குள் விழுந்தவர் அழவும் செய்தார். எண்ணூரில் அவரை வலையில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். சடையங்குப்பத்தில் நான் விசாரிக்கவில்லை. அங்கே அவருக்குக் காரியமே முடிந்திருக்கலாம்.

சரி, செய்தி வந்த வழியே திரும்பிப் போய்ப் பார்ப்போம் என்று ராயபுரத்துப் பெஞ்சுக் கோர்ட்டுக்குப் போனேன். விளக்கில்லாத வண்டி, நடைபாதையில் மீன்கூடை, குடித்துவிட்டுச் சண்டை இவையெல்லாம் அபராதம் கட்டும் இடம் அது. வாசலில் தோளுக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. பட்டைக்குப் பெயர் டவாலி. அதைப் போட்டவருக்கும் அதே பெயர். போட்டிருந்தவர் உயிரோடுதான் இருந்தார். உள்ளே மேஜிஸ்திரேட்டும் உயிரோடு இருந்தார். பாதிச் செய்தி அங்கேயே பொய்யாகிவிட்டது.

சுப்புராயன் குப்பத்துப் பிள்ளை. அப்பன் கட்டுமரக்காரன். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிய வருஷம், பூட்டிய கோர்ட்டுக்கு முன்னால் சாவியோடு தனியாக உட்கார்ந்திருந்தவர். யாரைத் தடுக்க என்று கேட்டதற்கு, யாராவது வந்தால்தானே தெரியும் என்றாராம்.

கடலுக்குப் போகிறவன் இடுப்பில் கத்தி இல்லாமல் இருக்க மாட்டான். கோர்ட்டுக்கு வரும்போதும் அது கூடவே வரும். சுப்புராயன் வேலைக்குச் சேர்ந்த வருஷம், தீர்ப்பு முடிந்து வெளியே வந்த ஒருவனிடம் அவனுடைய கத்தியைக் கையோடு கையாகத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த நிமிஷம் எதிராளியின் காது தாழ்வாரத்தில் கிடந்தது. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று குப்பத்தில் சொல்வது சும்மாவா? கையில் கொடுத்ததுதான் குற்றமா, கொடுத்த நேரம் குற்றமா என்று யோசிக்க அவருக்கு அவகாசமில்லை. மறுநாள் முதல் ஒரே சட்டம். உள்ளே போகிறவன் குனிந்து கத்தியைப் படியில் வைக்க வேண்டும். அவர் எடுத்துச் சுவரிலுள்ள ஆணியில் மாட்டுவார். எதிராளி போய் மறைந்த பிறகுதான், அதே மாதிரி படியில் வைத்துத் திருப்பித் தருவார். இருபத்திரண்டு வருஷத்தில் இன்னொரு காது விழவில்லை.

கௌரவ மேஜிஸ்திரேட் ஆறுமுகநயினார் தெற்கேயிருந்து வந்த மொத்த வியாபாரி. அவருடைய கைத்தடியின் வெள்ளிப் பிடியைத் திருகினால் ஒரு முழக் கத்தி வெளியே வரும். அது ரகசியமல்ல. மாம்பழக் காலத்தில் இடைவேளையின்போது மேஜையிலேயே அதைக்கொண்டு மாம்பழம் அறுத்துச் சாப்பிடுவார்.

ஒருநாள் மீன்காரி மங்கம்மா அபராதம் கட்ட வந்தாள். அரிவாள்மணையைப் படியில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கைத்தடி உள்ளே போவதைப் பார்த்தாள்.

"இன்னா மாமு, ஏழை கையில கீறதுதான் கத்தியா?"

 மறுநாள் காலை சுப்புராயன் படியில் நின்று, கைத்தடியை வைத்துவிட்டுப் போகும்படி மேஜிஸ்திரேட்டிடமே கேட்டார். ஆறுமுகநயினாருக்கு முதலில் சிரிப்பு வந்தது. வேடிக்கை என்று நினைத்துத் தடியை நீட்டினார். சுப்புராயன் கையை நீட்டவில்லை.

"கீய வைங்க, எஜமான்."

"யாருன்னு தெரிஞ்சுதான் பேசுதியாலே?"

"தெரியும் எஜமான். அதான் மெதுவா சொல்றேன்."

பத்து மணிக்கு டவாலியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கூடவே ஒரு மெமோ: கனவான் ஒருவரின் கைத்தடியைக் கேட்டது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும், தவறினால் வேலை போகும். பென்ஷனுக்கு இரண்டு வருஷம் பாக்கியிருந்தது. வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள்.

அவர் இடத்தில் தண்டபாணி என்ற ஆபீஸ் பியூன் நின்று, வருகிறவர்களிடம் உள்ளங்கையை நீட்டினார். அந்தக் கையில் ஒருவனும் கத்தி வைக்கவில்லை. எதிர்ச் சாரி டீக்கடையில் வெறும் துண்டோடு உட்கார்ந்திருந்த சுப்புராயனிடம் கொண்டுபோனார்கள். அவரும் தொடவில்லை.

"தோள்ல பட்டை இல்லாம கத்தி வாங்கினா நான் டவாலி இல்ல, ரவுடி. போங்கடா."

மூன்றாம் நாள் இரண்டு குப்பங்களின் வலைத் தகராறு விசாரணைக்கு வந்தது. நாற்பது பேர், நாற்பது கத்தி. அவன் வைக்காமல் நான் வைக்க மாட்டேன் என்று இரு பக்கமும் தெருவிலேயே நின்றார்கள். காவலுக்கு இருந்த போலீஸ்காரர்கள் இரண்டு பேர். அவர்களுக்கும் காது இருந்தது. உள்ளே காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு ஆறுமுகநயினார் பன்னிரண்டு மணிவரை நீதி வழங்கினார்.

கடைசியில் கோர்ட் குமாஸ்தா காஜா மொய்தீன் டவாலியை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு வந்தார். சுப்புராயன் பட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார், நேராகப் படிக்குப் போனார், குப்பத்தார் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே பார்த்து நின்றார். முதலில் வரவேண்டியது எது என்று எல்லோருக்கும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஆறுமுகநயினார் தடியோடு வாசலுக்கு வந்தார்.

இதற்குப் பிறகு நடந்ததில்தான் சாட்சிகள் ஒத்துப்போகவில்லை. தரை தொடக் குனிந்தார் என்று மங்கம்மா கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறாள். காஜா மொய்தீன் அதை மறுக்கிறார். எஜமான் குனியவில்லை, பிடியை விட்டார், தடி விழுந்தது, அவ்வளவுதான் என்கிறார். சுப்புராயனையே கேட்டேன்.

"நான் தடியைப் பாத்துகினு இருந்தேன் நைனா. ஆளைப் பாக்கறது என் வேலை இல்ல."

தடி ஆணிக்குப் போனது. பின்னால் நாற்பது கத்திகளும் வரிசையாகப் படிக்கு வந்தன. காலில் மட்டும் யாரும் விழவில்லை.

டவாலி திரும்பி வந்ததே தவிர, மெமோவை யாரும் வாபஸ் வாங்கவில்லை. வருகிற சித்திரையில் அவர் ஓய்வு. விளக்கம் வந்தால்தான் பென்ஷன் காகிதம் நகரும் என்கிறது மேலாபீஸ். இரண்டு வரி எழுதி மன்னிப்புக் கேட்டு முடித்துவிடு என்று காஜா மொய்தீன் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். எழுதத் தெரியாதவரல்ல சுப்புராயன்.

"கைத்தடியை ஏன் கேட்டேன்னு கீது இதுல. நான் கைத்தடி கேக்கல. கத்தின்னு எழுதிக் கேக்கட்டும், அன்னிக்கே பதில் தரேன்."

கத்திகளுக்கு நடுவே ஓர் ஆணியில் அந்த மெமோ தொங்குகிறது. மூன்று நாள் கெடு இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.