இரண்டு காற்றுக்கு ஒரு முழங்கை

கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காரும் முன் நல்லையா ஆசாரி ஒரு காரியம் செய்வார். பட்டறைச் சுவரோடு ஏறிப்போகும் தகரக் குழாயின் வளைவில், மடக்கிய விரலால் மூன்று தட்டுத் தட்டிக் காதைச் சாய்ப்பார். 'டங்' என்று கேட்டால் சோற்றுக்கு முன் உட்காருவார். 'தொப்'பென்று கேட்டால் தூள் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். சோறு ஆறினாலும் ஆறட்டும் என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அவர் மனைவி ரெங்கம்மா பன்னிரண்டு வருஷம் இதைப் பார்த்தாள்.

"குழாய்க்கு ஊட்டிவிட்டுத்தான் நீங்க சாப்பிடுவீங்களோ?"

"அது தின்னது செரிச்சிருச்சான்னு பார்க்கிறேன் புள்ள."

அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய முதுகிலிருந்துதான் வந்தது.

தெமோதரைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை அரைக்கும் இஸ்டோருக்குப் பெட்டி செய்து கொடுப்பது ஆசாரியின் தொழில். தோட்டம் கொடுத்த வீட்டிலேயே பட்டறையும் இருந்தது; சமையல்கட்டுக்கும் மரம் அறுக்கும் வாளுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர் மட்டும். பக்கத்து ஓடையில் நீர்ச்சக்கரம் சுற்றும், அது வட்டவாளைச் சுழற்றும். மலைவேம்புப் பலகையை அறுக்க அறுக்க மாவு போலத் தூள் கிளம்பி, பானை மூடியிலும் பாயிலும் படியும். கலியாணமான நான்காம் வருஷம் ரெங்கம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது.

தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா அவள் முதுகில் ஒரு விரலை வைத்து, அதன்மேல் இன்னொரு விரலால் தட்டினார். நல்லையா அருகில்தான் நின்றார். கனமான, செத்த சத்தம்.

"மருந்து நான் குடுப்பேன் ஆசாரி. தூசிய நீதான் நிறுத்தணும். இன்னும் ரெண்டு வருஷம் இப்பிடியே போனா இந்தப் பொம்பள தாங்காது."

வரும் வழியில் ரெங்கம்மா கேட்டாள்: "லுணுகலையில எங்க அண்ணன் வீட்டோட போயிறலாமாங்க?"

நல்லையா கணக்குப் போட்டுப் பார்த்தார். ஓடை இல்லாமல் வாள் ஓடாது. வாள் ஓடாவிட்டால் வேலை இல்லை, வீடும் இல்லை. மறுநாள் காலை இஸ்டோருக்குப் பின்னால், காஞ்சோன்றிச் செடிகளுக்குள் கிடந்த பழைய இரும்பு விசிறியைத் துரையிடம் கேட்டு வாங்கித் தோளில் சுமந்துவந்தார். ஒரு இதழ் உடைந்திருந்தது. பலாக் கட்டையில் புது இதழ் செதுக்கி மாட்டி, நீர்ச்சக்கரத்திலிருந்து தோல் வார் இழுத்துச் சுற்றவிட்டார். குழாய்க்கு, பதுளைக் கடைத்தெருவில் விளக்கும் புனலும் செய்யும் வாஹித் நானாவைக் கூட்டிவந்தார். மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டிப் பற்றவைத்துக் குழாய் ஆயிற்று. வாளடியில் கிளம்பும் தூளை விசிறி இழுத்து, மேற்குப் பக்கம் வெளியே தொங்கிய சாக்குப் பைக்குள் தள்ளியது.

அது மார்கழி. வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று தூசியைப் பள்ளத்துப் பக்கம் கொண்டுபோயிற்று. ரெங்கம்மா ஆறு மாதம் நன்றாகத் தூங்கினாள். ஆனியில், மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று திரும்பியது. சாக்கில் கசிந்த தூசியெல்லாம் கூரை இடுக்கு வழியாகச் சமையல்கட்டுக்கே வந்தது. முன்பைவிட மோசம், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அவளால் நடக்க முடிந்தது.

வாஹித் வந்து பார்த்தார். தச்சு வேலைக்காரரை அவர் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார். "என்னா பாஸ், ஒங்கட மிஷின் தூசியெல்லாம் பொறுக்கி எடுத்து எங்கட தங்கச்சிக்கே பரிமாறுதே!"

நல்லையா சிரிக்கவில்லை. வாஹித்தும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. வெகுநேரம் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றவர், விளக்கின் தலையைத் திருகிக் கழற்றுவது போலக் கையைச் சுழற்றிக் காட்டினார். வளையத்துக்குள் வளையம் வைத்து, திருப்பினால் திரும்பும் ஒரு குழாய் முழங்கையை நாலு நாளில் செய்து மாட்டினார். வாடைக்கு மேற்கே, கச்சானுக்குக் கிழக்கே. வருஷத்துக்கு இரண்டு தடவை, வண்டி கிடைத்தால் வண்டியில், இல்லாவிட்டால் நடந்து, தானே வந்து அதைத் திருப்பி, இடுக்கில் மெழுகு நூல் சுற்றிவிட்டுப் போவார்.

மீதி வேலையெல்லாம் நல்லையாவுடையது. தோல் வாருக்கு ஆமணக்கெண்ணெய் தடவுவார். விசிறி இதழில் ஒட்டிய பிசினைச் சிரட்டைச் சில்லால் சுரண்டுவார். சனிக்கிழமை மத்தியானம் பையை ஓடைக்கு அப்பால் தூக்கிப்போய், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்து உதறுவார். பெட்டி அவசரம் என்று இஸ்டோரிலிருந்து ஆள்மேல் ஆள் வந்தாலும், குழாய் 'டங்' என்னாமல் வாள் சுற்றாது.

முழங்கை மாட்டிய இரண்டாம் வருஷம் டிஸ்பென்சர் ஐயா மறுபடியும் அவள் முதுகைத் தட்டினார். நல்லையா காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"கேட்டுச்சா ஆசாரி?"

"கேட்டுச்சுங்க, 'டங்'குன்னு."

முழங்கைக்கு என்ன தருவது என்று கேட்டபோது, வாஹித் காசு வேண்டாம் என்றுவிட்டார். "வீட்டுல தலையணையிலதான் குர்ஆனை வெச்சி ஓதுறம். ஒரு ரெஹால் செஞ்சி தாங்க. ஒரே பலகையில, ஆணி இல்லாம." நடுவில் கீலையும் அதே பலகையில் வெட்டியெடுத்து, கத்தரிக்கோல் மாதிரி விரியும்படி செய்யவேண்டிய பீடம் அது.

நல்லையா மலைவேம்பில் செய்து பழகினார். முதல் இரண்டும் கீலில் பிளந்தன. மூன்றாவது விரிந்தது, நின்றது.

"இதையே குடுத்துறலாமேங்க," என்றாள் ரெங்கம்மா.

"பெட்டி அடிக்கிற மரம் புள்ள இது. ஒம் மூச்சுக்கு இதையா குடுக்கச் சொல்ற?"

நல்ல பலாப் பலகை ஒன்றைத் தேடிப்பிடித்துப் பரணில் காயப்போட்டார். இரண்டு வருஷம் காயட்டும் என்றார். பிறகு வருஷா வருஷம், இன்னும் ஒரு வருஷம் என்றார். கேட்டால், "பெட்டிக்கு ஆணி அடிக்கிற கை, கொஞ்சம் பழகட்டும்" என்பார். அது பயமா, மரியாதையா என்று ரெங்கம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. கடைசியில் ஒருநாள் பென்சிலால் கோடு இழுத்து, கீலின் ஒரு பாதியை வெட்டினார். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்று, தை மாதம். மாசியில் வந்த காய்ச்சல் அவரை நாலு நாளில் கொண்டுபோயிற்று.

பட்டறையை அவருடைய தம்பி ஏற்றுக்கொண்டதால் ரெங்கம்மாவுக்கு வீடு நிலைத்தது. ஆனியில் கச்சான் திரும்பியதும் வாஹித் வந்தார். முழங்கையைத் திருப்பினார், நூல் சுற்றினார். ரெங்கம்மா தானே போய் மூன்று தட்டுத் தட்டிக் கேட்டாள். பிறகு பரணிலிருந்து பலகையை இறக்கி அவர் முன் வைத்தாள்.

"கொழுந்தன்கிட்டச் சொல்லி முடிச்சித் தரவா நானா?"

வாஹித் வெட்டிய பாதியை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பிசிறுகூட இல்லை.

"வாணாம் தங்கச்சி. பாஸ் வெச்ச கோட்டுல வேற கை வெக்க வாணாம்."

"அப்ப ஒங்களுக்கு?"

"எனக்கென்ன, தலையணை இருக்கு."

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அவர் பதுளைக்கு நடந்தார். பலகை பரணுக்குத் திரும்பியது. மார்கழியில் வந்தார், அடுத்த ஆனியிலும் வந்தார். வாஹித் வீட்டில் குர்ஆன் இன்னும் தலையணை மேல்தான் விரிந்திருக்கிறது.