நாங்களே பாத்துக்கறோம்

காலையில் லிஃப்டில் எங்கள் மேல்மாடி செந்தில். கோயம்புத்தூர்க்காரர், புனேயில் இந்தப் பாணேர் பகுதிக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. அவர் செல்போனில் ஒரு செய்தி: எங்கோ நிலநடுக்கம், நம் நாட்டு விமானம் கூடாரங்களோடு கிளம்பிவிட்டதாம்.

"எல்லாத்துக்கும் நாமதானுங்க்கா ஓடறோம். நமக்கு ஒண்ணுன்னா எவன் வர்றான்?"

"நமக்கு வெள்ளம் வந்தப்ப வெளிநாட்டுக்காரங்க உதவி தர்றோம்னுதான் சொன்னாங்க. நாங்களே பாத்துக்கறோம்னு நாமதான் சொல்லிட்டோம்" என்றேன்.

"அது கௌரவமுங்க்கா. கை நீட்டற நாடுன்னு பேராயிருமுங்க."

மதியம் அவர் வீட்டுக் குழாய் உடைந்து, தண்ணீர் படியில் இறங்கி எங்கள் வாசலுக்கு வந்தது. போன மாதம் எங்களுக்குத் தண்ணீர் வராதபோது நான்கு வாளி தூக்கி வந்தவர் அவர்தான். நான் வாளியும் மாப்புமாக மேலே ஓடினேன்.

அவர் கணுக்கால் தண்ணீரில் நின்றபடி, "பரவால்லீங்க்கா, நாங்களே பாத்துக்கறோமுங்க" என்று கதவைச் சாத்தினார்.

மாப்பை அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். பத்து நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தால் அதைக் காணோம்.

சாயங்காலம் அவரே மாப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு டப்பா மைசூர்பாகு, ஊரிலிருந்து வந்ததாம்.

எனக்கும் கௌரவம் உண்டே. "அதெல்லாம் வேண்டாம் செந்தில், நாங்களே பாத்துக்கறோம்" என்றேன். இரண்டாவது தடவை சொல்வார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே டப்பாவோடு மாடியேறிவிட்டார்.

படியில் இன்னும் நெய் வாசனை. கௌரவம் இவ்வளவு பசிக்கும் என்று எந்த நாடும் சொல்லவில்லையே. இப்போது மேலே போய்க் கேட்டால் தப்பா?