மடியில் இருந்த பற்றரி

காலை பத்து நாற்பதுக்கு என் வலது இடுப்பில் ஒரு சூடு தெரிந்தது. கோயில் மண்டபத்துக் கடிகாரம் நேரெதிரே இருந்ததால் அந்த நேரம் மனதில் நின்றுவிட்டது. 2009 ஓகஸ்ட் மாதம், திருவிழா நாள். மேற்சட்டையைக் கழற்றிவிட்டு, சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அர்ச்சனைத் தட்டுடன் வரிசையில் நின்றிருந்தேன். யாரோ கற்பூரத் தட்டை என்னருகே பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்து விலகினேன். சூடும் என்னோடு விலகியது.

பிறகு ஒரு சீறல் கேட்டது. வேட்டி மடிப்பிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. பின்னர் எல்லோரும் 'வெடித்தது' என்றே சொன்னார்கள். வெடிக்கவில்லை, சீறியது. வேட்டி நழுவாமல் இருக்க இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தேன். இங்கே லண்டனில் கோயிலுக்கு வரும் ஆண்கள் பலரும் கட்டுவதுதான். அந்தப் பெல்ட்டைக் கழற்ற என் விரல்களால் முடியவில்லை. பெண்கள் வரிசையில் நின்ற மனைவி சுகந்தி ஓடி வந்து கழற்றி, என்னைக் கால் கழுவும் குழாயடிக்கு இழுத்துச் சென்றாள். தண்ணீர் பட்ட பிறகுதான் நான் கத்தினேன் என்று அவள் சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

என் மடியில் மூன்று பொருட்கள் இருந்தன: வீட்டுச் சாவிகள் கோத்த திறப்புக் கொத்து, கொஞ்சம் சில்லறை, மின்சிகரெட்டுக்கான ஒரு மேலதிகப் பற்றரி.

புகைப்பழக்கத்தை விட முயல்பவர்களும் அவர்களின் வீட்டாரும் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்காகவே கொஞ்சம் பின்னுக்குப் போகிறேன்.

எனக்கு நெடுநாள் இருமல். அந்த ஆண்டின் தொடக்கத்தில் செவன் கிங்ஸ் ரயில் நிலையப் படிகளில் பாதியில் நின்று மூச்சு வாங்கத் தொடங்கினேன். மருத்துவர் என்னை ஒரு குழாய்க்குள் ஊதச் சொன்னார். வந்த முடிவு, நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் (காற்றுக் குழாய்கள் ஒடுங்கி, உள்ளே போன காற்று முழுதாக வெளியேற முடியாத நிலை). இழந்தது திரும்பாது, மிஞ்சியதைக் காப்பாற்றலாம் என்றார். சிகரெட்டை விடச் சொன்னார்.

அந்த வசந்த காலத்தில் எங்கள் வீடுகளில் தொலைக்காட்சி அணைக்கப்படவில்லை. போர் நடந்த ஊரிலிருந்து என்ன செய்தி வந்தது என்பதை எல்லோரும் அறிவர். நான் தொலைக்காட்சிக்கும் பின்தோட்டத்துக்குமாக நடந்தேன். ஒவ்வொரு நடைக்கும் ஒரு சிகரெட்.

என் மகள் ஆரணி இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படிக்கிறாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள், சிகரெட்டுக்குப் பதிலாக நான் வாங்கியிருந்த முதல் மின்சிகரெட்டை மேசையில் கழற்றிப் பார்த்தாள். அது சிகரெட் அளவிலேயே செய்த மெல்லிய பொருள். நான்கு முறை இழுத்தால் ஐந்தாவதற்கு ஒன்றும் வராது. அதனால் அதை வைத்துவிட்டு, உண்மையான சிகரெட்டோடு தோட்டத்துக்குப் போய்விடுவேன்.

"அப்பா, லிசன். இதின்ர பற்றரி சரியான வீக். கொயில் சூடாக முதலே இது களைச்சுப் போகுது. அதுதான் உங்களுக்குக் காணாமல் கிடக்கு."

கொயில் என்பது மயிரிழை போன்ற கம்பிச் சுருள். மின்சாரம் பாய்ந்தால் சிவக்கும். அதன்மேல் ஊறியிருக்கும் நிக்கோட்டின் திரவம் ஆவியாகும். அதை இழுக்கிறோம். பற்றரி தளர்ந்தால் ஆவி குறையும். திரவம் வற்றினால் சுருள் காய்ந்து, கருகிய சுவை தொண்டையில் ஏறும். சாதனம் முழுவதும் இவ்வளவுதான். பற்றரி, சுருள், ஈரம்.

ஆரணி இணையத்தில் தேடி, உலோகக் குழாய் போன்ற வேறொன்றை எடுப்பித்தாள். பார்த்தால் சிறிய டோர்ச் என்று நினைக்கலாம். பற்றரியைக் கழற்றி மாற்றலாம். அதனால் மேலதிகமாக ஒன்று எப்போதும் கையில் இருக்கும். அது வந்த பிறகு நான் சிகரெட்டைத் தொடவில்லை. படிகளில் நிற்பதும் குறைந்தது.

"அப்பா, பற்றரியை இந்தப் பிளாஸ்ரிக் பெட்டிக்குள்ள மட்டும்தான் வைக்கோணும். வெயிலுக்க நிக்கிற கார்ல விடக்கூடாது."

"எனக்குப் பற்றரியைப் பற்றிப் படிப்பிக்கிறியோ?"

"ஓம் அப்பா. படிப்பிக்கிறன்."

நான் சிரித்தேன். போரினால் பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவன் நான். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து வானொலி கேட்டோம். சோதனைச்சாவடி தாண்டும்போது அதை மடியில் முடிந்துகொண்டு நடந்தோம். காசும் திறப்பும் அதோடு சேர்ந்தே கிடக்கும். ஒன்றும் ஆனதில்லை. பற்றரி என்றால் மடி என்பது என் கைக்குப் பழகிய விஷயம்.

திருவிழாவன்று கருவியைக் காரில் விட்டேன். கோயிலுக்குள் அது எதற்கு என்று. பற்றரியை வெயிலில் விடக்கூடாது என்றது நினைவுக்கு வர, மேலதிகப் பற்றரியை மட்டும் எடுத்து வந்தேன்; கருவிக்குள் இருந்ததை நினைக்கவில்லை. பெட்டி மடியில் நிற்காது. ஆகவே பெட்டியையும் காரிலேயே விட்டேன். மகள் சொன்னதில் ஒரு பாதியைக் கேட்டேன்.

டோர்ச் பற்றரியின் இரு முனைகளையும் காசும் திறப்பும் சேர்ந்து இணைத்தால் அது வெதுவெதுப்பாகும், அவ்வளவே. தன்னிடம் இருப்பதை அதனால் மெல்லத்தான் தர முடியும். லித்தியம் பற்றரி அப்படியல்ல. இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிடும். சுருளைச் சூடாக்க அதைத் தேர்ந்ததும் அந்தக் குணத்துக்காகத்தான். என் மடியில் சுருள் இருக்கவில்லை. சில்லறையும் திறப்பும் இருந்தன, அவற்றின் கீழே நான் இருந்தேன்.

அவசரப் பிரிவில் ஒரு தாதி காயத்தில் நிறம் மாறும் தாளை ஒற்றி ஒற்றிப் பார்த்தார். பற்றரியின் உள்ளே இருந்த இரசாயனம் தோலில் மிச்சம் இருக்கிறதா என்று அறிவதற்காம். தாள் நிறம் மாறுவது நிற்கும்வரை கழுவினார்கள். ஆழ்ந்த தீக்காயம் (தோலின் எல்லா அடுக்குகளும் கருகிய நிலை), தோல் ஒட்ட வேண்டும் என்றார்கள்.

ஆரணி கோடைகால வேலையிலிருந்து நேராக வந்தாள். நான் திரைக்கு உள்ளே, முகத்தில் ஒட்சிசன் மூடியுடன் கிடந்தேன். அவளும் சுகந்தியும் வெளியே நடைவழியில் நின்றார்கள்.

"நீ வாங்கிக் குடுத்ததுதானே," என்றாள் சுகந்தி. "சிகரெட் வெடிச்சதை ஆரும் கண்டிருக்கினமோ?"

"பெட்டி குடுத்தனான், அம்மா."

"பெட்டியும் நீ குடுத்ததுதான்."

திரையின் கீழே மகளின் சப்பாத்துகள் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் அவை அங்கே இல்லை.

செப்டெம்பர் கடைசியில் போக வேண்டியவள் அந்த வாரமே வடக்கே போய்விட்டாள். அங்கே வேறொரு வேலை தேடிக்கொண்டு, தொலைபேசியில் மட்டும் என்னோடு பேசினாள். "ஓம் அப்பா. சரி அப்பா. ஷிப்ட் இருக்கு அப்பா." அம்மாவிடம் குடுங்கோ என்று ஒருமுறையும் கேட்கவில்லை. சுகந்தியும் தொலைபேசிக்குக் கை நீட்டவில்லை. காயத்தைப் பற்றி எனக்கு இருந்த பயத்தைவிட இது பெரிதாயிருந்தது. தன் கையால் தகப்பனை எரித்துவிட்டேன் என்று ஒரு பிள்ளை தனி அறையில் இருந்து நினைத்தால், அதை எந்தத் தோலைக் கொண்டு மூடுவது?

பார்க்கிங் என்ற பக்கத்து ஊரிலிருந்து என்னைப் பார்க்க வந்த நண்பன் ரவி மட்டும் சிரித்தான். "அண்ணை, பொம்பிளைப் பிள்ளையைப் பெத்தவன் வயித்தில நெருப்பைக் கட்டியிருக்கிறான் எண்டு சொல்லுவினம். நீங்கள் இடம் மாறி இடுப்பில கட்டியிட்டியள்." சிரித்தால் காயம் இழுத்தது. ஆனாலும் சிரித்தேன்.

சத்திரசிகிச்சை செய்த மருத்துவர் மதுரைக்காரப் பெண். என் தமிழில் பாதி அவருக்கு விளங்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"சார், சிகரெட் மட்டும் இல்ல, அந்த மெஷினும் இப்போதைக்கு வேண்டாம். நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கிடும். ஒட்டுன தோலுக்குச் சாப்பாடு கீழேருந்துதான் போகணும். போகலைன்னா அது செத்துடும்."

"ஒட்டினால் பிறகு?"

"மொதல்ல ஒட்டட்டும் சார்."

தோலைத் தொடையிலிருந்து எடுத்தார்கள். ஒட்டிய இடத்தைவிடத் தோலைக் கொடுத்த இடமே அதிகம் வலிக்கும். இதை முன்னரே அறிந்திருப்பது நல்லது. எனக்கு யாரும் சொல்லவில்லை. தொடையில் ஏதோ பிழைத்துவிட்டது என்று ஓர் இரவு முழுக்கப் பயந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நிக்கோட்டின் இல்லாத நாட்கள் தொடங்கின. கை தானாக மடியைத் தடவும், வாய் வறளும், சின்னச் சத்தத்துக்கும் கோபம் வரும். ஒரு மாலை சுகந்தி கடைக்குப் போய் வந்து, ஒரு சிகரெட் பெட்டியை என் முன்னால் வைத்தாள். திருமணமான நாளிலிருந்து சிகரெட்டோடு சண்டை பிடித்தவள்.

"ஏலாட்டில் இதைப் பத்துங்கோ. அதை மட்டும் திரும்ப எடுக்காதேங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு."

அவளைக் கோபிக்க முடியவில்லை. அடுப்படிக்குக் கூட்டிப்போய் மின்கேத்தலின் மூடியைத் திறந்து காட்டினேன்.

"உள்ள சூடாகிறது இருக்கெல்லோ? கொயிலும் அதுதான். தண்ணி இருக்கும் வரைக்கும் அது தன்ர வேலையைச் செய்யும். எரிஞ்சது அது இல்லை. என்ர மடியில கிடந்த காசும் திறப்பும் பற்றரியின்ர ரெண்டு முனையிலயும் முட்டினது. முட்டக்கூடாது எண்டுதான் பிள்ளை பெட்டி தந்தவள்."

"அப்ப பெட்டிக்குள்ள இருந்திருந்தா?"

"ஒண்டும் நடந்திருக்காது."

"முனையில டேப் ஒட்டினாலும் காணுமோ, போதுமோ?"

"காணும்."

அவள் கேத்தலை மூடினாள். பிறகு நெடுநேரம் பாத்திரம் கழுவினாள். சிகரெட் பெட்டி மறுநாள் மேசையில் இல்லை. நான் தேடவில்லை.

கட்டைப் பிரித்த அன்று மருத்துவர் குனிந்து பார்த்தார். "ஒட்டிடுச்சு சார்," என்றார். மின்சிகரெட்டைத் திரும்ப எடுப்பதா வேண்டாமா என்பதை என் மூச்சு மருத்துவரோடு பேசி முடிவெடுக்கச் சொன்னார். இன்னும் முடிவெடுக்கவில்லை.

ஒட்டிய தோல் என்னுடையதே என்றாலும் அந்த இடத்தில் எனக்கு உணர்ச்சி இல்லை. பெல்ட் போடும்போது அது எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் பார்த்தே அறிகிறேன். உடம்பில் எனக்குத் தெரியாத ஒரு துண்டு நிலம் இருக்கிறது. நேரமும் மாறிவிட்டது. முன்பு ஒரு நாளைச் சிகரெட்டுகள் பிரித்துத் தந்தன. இப்போது மத்தியானம் ஒரே நீளமாகக் கிடக்கிறது, அதில் எங்கே நிற்பது என்று தெரிவதில்லை. மணங்கள் திரும்பி வந்திருக்கின்றன. வாசலில் யார் வந்தாலும் மழைக்கோட்டின் ஈரத்தை முதலில் முகர்கிறேன்.

அப்படித்தான் ஒரு ஞாயிறு மத்தியானம் ஆரணி வந்ததை அறிந்தேன். சொல்லாமல் வந்திருந்தாள். என் இடுப்பைப் பார்த்தாள். நோகுதோ என்று கேட்டாள். இல்லை என்றேன். சுகந்தி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போன மகள் யன்னல் தட்டருகே நின்றுவிட்டாள். அங்கே மூடி திருகிய ஒரு பிளாஸ்ரிக் விபூதி டப்பா இருந்தது. பின்னால் போன நானும் அதை அன்றுதான் கண்டேன். திறந்தாள். உள்ளே கருவியிலிருந்து கழற்றிய மற்றப் பற்றரி, பஞ்சின் மேல் கிடந்தது. இரு முனைகளிலும் டேப் ஒட்டியிருந்தது.

"இதை ஆர் ஒட்டினது?"

"நான்தான்," என்றாள் சுகந்தி, சட்டியைப் பார்த்தபடியே.

ஆரணி டேப்பின் ஓரங்களை நகத்தால் தடவிப் பார்த்தாள். பற்றரியைத் திரும்பப் பஞ்சில் வைத்து மூடியைத் திருகினாள்.

"சரியா ஒட்டியிருக்கிறியள், அம்மா. சோத்தைப் போடுங்கோ, பசிக்குது."