அம்மா வீட்டுக் கரையிலிருந்து கிளம்பிய சாலை

கணவன் கிழித்த கோட்டைத் தாண்டாமல் இருப்பதற்கு மாதாமாதம் சம்பளம் வாங்கும் ஒரே மனைவி பாலத்தம்மாதான். ஒரே அலுவலகத்தில் அவருக்குப் பாலப் பிரிவு, கணவருக்குச் சாலைப் பிரிவு. அவர் கணினியில் சாலைக்கோடு வரைவார். முதுகுக்குத் தலையணை வைத்து அமர்ந்திருக்கும் அம்மையார் அதன்மேல் பாலத்தை உட்கார வைப்பார். வீட்டில் யார் கோட்டில் யார் நடக்கிறார் என்பது வேறு சமாச்சாரம்.

அன்று ஒரு தொழிற்சாலை மதிலுக்கு வழிவிட்டுச் சாலைக்கோடு நகர்ந்துவிட்டது. சாயங்காலம் ஒப்புதல் தர வேண்டிய மேலதிகாரி, பெரியவர், வந்து பார்ப்பதற்குள் பாலம் புதுக் கோட்டில் உட்காராவிட்டால், இரண்டு வருஷ உழைப்பு, எப்போது பறிக்கலாம் என்று காத்திருக்கும் மாடிப் பிரிவுக்குப் போய்விடும்.

பாலத்தம்மா பதறவில்லை. சாலை தொடங்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு தூணும் இத்தனை மீட்டர் தள்ளி என்று கணக்குக் கொடுத்து வைத்திருந்தார். கோடு எங்கே போனாலும் பாலம் கன்றுக்குட்டியாகப் பின்னால் போகும். புதுக் கோட்டைக் காட்டிவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

பாலம் போனது. தலை இருக்க வேண்டிய இடத்தில் வாலை வைத்துக்கொண்டு போனது. தூணுக்குத் தூண் இடைவெளி விட்டு ஆற்றைத் தாவ வேண்டிய அகன்ற கண் ஒரு காய்கறித் தோட்டத்தைத் தாவியது. தோட்டத்துக் குட்டைத் தூண்கள் ஆற்றில் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தன.

"என்னங்க! கொஞ்சம் இங்க வாங்க!"

அலுவலகத்தில் 'சார்' என்று மட்டுமே அழைப்பவர் 'என்னங்க' என்றதும், பிரிவே காதைத் தீட்டிக்கொண்டது. சார் வந்தார்.

"கோட்டை எந்தக் கரையில ஆரம்பிச்சீங்க?"

"கிழக்குல."

"ரெண்டு வருஷமா மேற்குலதானே ஆரம்பிச்சோம்? திடீர்னு கிழக்குல என்ன வேலை?"

சார் குரலைத் தாழ்த்தினார். "காலையில நீதானே சொன்ன... எதுவா இருந்தாலும் நான் மேற்குல இருக்கிற எங்க வீட்டுப் பக்கத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கிறேன், கிழக்குக் கரையில இருக்கிற உங்க அம்மா வீடு எப்பவும் கடைசின்னு."

"அது லீவுக்கு எந்த வீட்டுக்கு முதல்ல போறதுன்னு பேசினப்ப சொன்னதுங்க!"

"ரோடாவது உங்க அம்மா வீட்டுப் பக்கத்துலேர்ந்து கிளம்பட்டுமேன்னுதான்..."

பிரிண்டர் அருகே நின்ற கணக்காளர் செருமினார். "சமாதான உடன்படிக்கைக்கு வேற இடமே கிடைக்கலையா சார்? பாலம்தான் கிடைச்சுதா?"

"தள்ளிக்கோ, ஒரு நிமிஷத்துல கோட்டைத் திருப்பிடறேன்" என்று சார் மவுஸை நோக்கிக் கை நீட்டினார். அந்தக் கையில் சுளீரென்று ஓர் அடி விழுந்தது.

"தொட்டீங்கன்னா தெரியும்! அது அப்படியே இருக்கட்டும். பாலத்தை நான் பாத்துக்கறேன்."

அத்தனை தூண்களின் கணக்கையும் கிழக்கிலிருந்து புதிதாகப் போட்டார் பாலத்தம்மா. கணவர் வாங்கித் தந்த நகையைக்கூட இவ்வளவு பதமாக அவர் எடுத்து வைத்ததில்லை. குட்டைத் தூண்கள் ஒவ்வொன்றாகக் கரையேறின. அகன்ற கண் ஆற்றுக்குத் திரும்பியது. எட்டிப் பார்த்த மாடிப் பிரிவுத் தலைவர் இழவு வீட்டு முகத்தோடு படியேறினார்.

பெரியவர் வந்து கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "எல்லாம் சரிம்மா. கணக்கு மட்டும் ஏன் இப்ப கிழக்குலேர்ந்து வருது?"

"அந்தக் கரைக்காரங்க ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தாங்க சார்."

"ஓ, மக்கள் கோரிக்கையா? நல்லது, நல்லது" என்று ஒப்புதல் தந்தார் பெரியவர். அந்த மக்கள் மொத்தமே எதிரில் இருக்கும் ஒருவர்தான் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சார் மட்டும் டீ புரையேறி வராந்தாவுக்கு ஓடினார்.