எட்டு ஜிபி மெமரியும் என் வீட்டுக்காரர் கையும்

என் லேப்டாப்பின் சுவிட்சைப் போட்டுவிட்டு அடுப்பில் உலை வைத்தால், அரிசி வெந்து கஞ்சி வடிக்கிற நேரத்தில்தான் அது கண் விழிக்கும். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. கல்லூரி முடித்து, கல்யாணம் ஆகி, நாரணாபுரத்துக்கு வாழ வந்தபோது பீரோவோடும் கட்டிலோடும் அதுவும் வேனில் ஏறி வந்தது. உள்ளே இருந்தது இரண்டே இரண்டு ஜிபி மெமரி. இந்தக் காலத்தில் பத்தாயிரம் ரூபாய் போனில்கூட அதற்கு மேல் இருக்கிறது.

நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் ஆறு வருடம் டிசைனராக இருந்தவள். காலண்டர், பட்டாசு லேபிள், கல்யாணப் பத்திரிகை எல்லாம் போடுவேன். திடீரென்று முதலாளி ஆட்களைக் குறைத்து, "வீட்டுல இருந்தே செஞ்சு குடு ஆத்தா. டிசைனுக்கு இம்புட்டுன்னு வாங்கிக்கிடு" என்று சொல்லிவிட்டார். சரி என்று வந்துவிட்டேன். வேறு என்ன செய்ய? அச்சகத்தில் இருந்த கம்ப்யூட்டர் என்ன, என் வீட்டுக் கிழம் என்ன என்பது வந்த பிறகுதான் உறைத்தது. ஆடிப்பெருக்குக்கு வெளியாகிற காலண்டர் மாதிரி ஆல்பத்துக்காக முதலாளி ஒரு ஃபைல் அனுப்பினார். திறந்தேன். முருகன் வந்தார், மயில் வரவில்லை. பாதி மயிலோடு அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

முதலாளி போனில் கறாராகச் சொன்னார். "வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு டிசைன் மாதிரிக்கு அனுப்புத்தா. நல்லா இருந்தா இந்த வருச ஆல்பம் முழுசும் உனக்குத்தான். இல்லைன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிடுறேன், வருத்தப்படக் கூடாது."

வருத்தப்படுவதைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? என் வீட்டுக்காரர் பட்டாசு ஆலையில் புஸ்வாணக் குழாயில் மருந்தை அமுக்கி அடைக்கிற அறையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த அறை வெடித்தது. இவர் அப்போது காய்ந்த குழாய்களை எடுத்து வர வெளியே போயிருந்தார். உள்ளே இருந்த கூட்டாளி போய்விட்டான். ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "கூடக் கொஞ்சம் அமுக்கிட்டான்." அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆலைக்கும் போகவில்லை. லாரிக்கு லோடு ஏற்றப் போகிறார். அது வாரத்தில் மூன்று நாள் இருக்கும், சில வாரம் அதுவும் இருக்காது. நான் சம்பாதிக்கிறேன், நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று வீராப்பாகச் சொன்னவள் நான்தான். ஆலைப் போர்மேனோ விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சீசன், ஆள் இல்லை, வரும் திங்கட்கிழமை வந்துவிடு, பழைய அறையே தருகிறேன் என்று. ஆக, இந்தக் காலண்டர் வேலை கிடைத்தால் இவர் வீட்டில் இருப்பார், அது கைவிட்டுப் போனால் மருந்து அறைக்குப் போவார். அவ்வளவுதான் விஷயம்.

புது லேப்டாப் வாங்க வக்கு கிடையாது. மெமரியையும் ஹார்ட் டிஸ்கையும் மட்டும் மாற்றினால் போதும், பழசே ஓடும் என்று யூடியூபில் பார்த்து வைத்திருந்தேன். புதன்கிழமை காலையில் இருவரும் விருதுநகர் பஸ் ஏறினோம். பஜாரில் ஒரு சந்துக்குள் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். லேப்டாப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்து, "கிழவிக்கு நல்ல உடம்புத்தா. செலவழிக்கலாம்" என்றார். செகண்ட் ஹேண்டில் எட்டு ஜிபி மெமரி ஒன்று, ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் புது எஸ்எஸ்டி ஒன்று எடுத்து வைத்தார். விண்டோஸ் போட ஒரு பென் டிரைவும் தந்தார்.

"இங்கனயே விட்டுட்டுப் போங்க. நாளைக்குச் சாயந்தரம் மாட்டி வைக்கேன். கூலி தனி."

கூலி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நாலு திருகாணியைக் கழற்றி மாட்ட ஒரு நாளா, அதற்கு ஒரு கூலியா? வேண்டாம், நாங்களே மாட்டிக்கொள்கிறோம் என்று பையைத் தூக்கிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் "நீ தள்ளு புள்ள, உனக்குக் கை பதறும். நான் மாட்டுதேன்" என்று அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்தார். முதலில் என்னை மேலும் கீழும் பார்த்து, "இந்த நைட்டிய மாத்திட்டு வா. பாலிஸ்டர் ஆகாது, பருத்தி கட்டு" என்றார். யூடியூப் வீடியோக்காரனும் உடம்பில் இருக்கிற கரண்ட் மெமரியைக் கெடுத்துவிடும் என்று சொல்லியிருந்தான். இவருக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆலையில் அறை வாசலில் செம்புத் தகடு இருக்கும், அதைத் தொட்டு உடம்புக் கரண்டை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். இங்கே தகட்டுக்கு எங்கே போவது? தண்ணீர்க் குழாயைப் போய்த் தொட்டுவிட்டு வந்தார். என்னையும் தொட வைத்தார். லேப்டாப் பேட்டரியைக் கழற்றி அடுத்த அறையில் கொண்டுபோய் வைத்தார். போன் இரண்டையும் வெளியே வைக்கச் சொன்னார்.

"எதுக்குங்க இம்புட்டு ஆர்ப்பாட்டம்? வெடிக்கவா போகுது?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். அவர் திருகாணியைக் கழற்றுகிற அழகை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சத்தம் கிடையாது, ஒரு உரசல் கிடையாது. பூவைத் தொடுகிற மாதிரித் தொட்டார். கடைசித் திருகாணி இறங்கியதும் பேட்டரியைப் போட்டுச் சுவிட்சை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதே கறுப்பு.

"அண்ணாச்சி செத்த சாமானைத் தலையில கட்டிட்டாரு" என்று கத்தினேன். சரி, பழையதையே மாட்டிப் பார்ப்போம் என்று அவர் மறுபடி திறந்தார். பழைய மெமரி, பழைய டிஸ்க் இரண்டையும் அதே மாதிரி நோகாமல் மாட்டினார். அப்போதும் கறுப்பு. காலையில் ஆடி அசைந்தாவது எழுந்த கிழவி இப்போது அறவே எழவில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் அதைச் சுருட்டி வைக்கத் தெரியாது. "இருந்ததையும் கொன்னுட்டீகளே! பன்னெண்டு வருசம் வேல பாத்த கையாம், பெரிய கை! ஒரு சாமானை ஒழுங்கா மாட்டத் தெரியல. வெள்ளிக்கிழமைக்கு நான் எதை வச்சுப் படம் போட? போங்க, திங்கக்கிழமை உங்க போர்மேன்கிட்டயே போங்க. அதுக்குத்தான லாயக்கு!"

அவர் வெளியே வைத்திருந்த போனை எடுத்து வாசலில் நின்று பேசினார். "வாரேண்ணே. திங்கக்கிழமை வாரேன்." எனக்குக் கேட்டது. கேட்டும் நான் எழுந்து போகவில்லை, வீம்புக்கு அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் சாமான் எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொண்டு நான் மட்டும் விருதுநகர் போனேன். அண்ணாச்சியை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் நினைப்பில்தான் போனேன். அவர் கடையை அப்போதுதான் திறந்து ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்தார். நான் போட்ட கூச்சலுக்கு, "இரும்மா, இரு. மொதல்ல திறந்து பாப்போம்" என்றார்.

திறந்ததும் முகத்தைச் சுளித்தார். மெமரிக்கு மேல் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. எங்கள் வீட்டில் கிடந்த பழைய லேபிள் தாள்தான், மடித்து மெத்தை மாதிரி வைத்திருந்தது.

"இது என்னத்தா?"

எனக்கும் தெரியவில்லை. குனிந்து மாட்டியபோது வீட்டுக்காரர் தலை மறைத்ததில் உள்ளே வைத்ததை நான் பார்த்திருக்கவில்லை. அவர் காகிதத்தை எடுத்ததும் மெமரி ஒரு பக்கமாக எழும்பிக்கொண்டது. உடனே அவருக்குப் புரிந்துவிட்டது. "முழுசா உள்ளேயே போகல பாரு. சும்மா விளிம்புல வச்சு, எந்திரிக்காம இருக்கத் தாளை வச்சு மூடியிருக்காக. இதை நல்லா அமுக்கணும்மா. டக்குன்னு சத்தம் வரணும். யாரு மாட்டுனது, இம்புட்டுப் பயந்த கை?"

சொல்லிக்கொண்டே எட்டு ஜிபியை எடுத்துச் சொருகி, கட்டைவிரலால் ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கினார். டக். இரண்டு பக்கக் கொக்கியும் பிடித்துக்கொண்டன. பேட்டரியைப் போட்டதும் திரை பளிச்சென்று எழுந்தது. கூலி கேட்கவில்லை. அவரே எஸ்எஸ்டியையும் மாட்டி, பென் டிரைவைச் சொருகி விண்டோஸும் போட்டுக் கொடுத்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடச்சே, ஒரு அமுக்குக்காகவா நேற்று அந்தக் கூத்து என்று பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்குப் போனதும் அவரை இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டலாம் என்று நினைத்தேன்.

வீட்டு வாசலில் கொடிக்கயிற்றில் அவருடைய ஆலைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மூன்று வருடமாக மூட்டையில் கிடந்த பருத்திச் சட்டை. துவைத்துப் போட்டுவிட்டு அதன் கீழேயே குத்தவைத்திருந்தார்.

"ஒண்ணும் சாகலைங்க. நீங்க அமுக்கவே இல்லையாம். அமுக்கினா டக்குன்னு உக்காருது. அந்த வீடியோவுல அம்புட்டுத் தெளிவாச் சொன்னான்ல, நீங்க பாக்கலையா?" என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பாத்தேன்" என்றார். தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார். "அமுக்கணும்னு தெரியும் புள்ள. பழசக் கழட்டும்போதே தெரிஞ்சுச்சு, எம்புட்டு ஆளத்துல உக்காந்திருந்துச்சுன்னு. நாலு தடவ விரல வச்சேன். வரல. அமுக்கப் போனா அவன் மொகந்தான் வருது."

என் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. கைக்குள் அடங்குகிற பச்சைத் தகடு அது. பேட்டரியைக்கூட அடுத்த அறைக்குக் கொண்டுபோன பிறகு, வெறும் தகட்டை அமுக்க இந்தக் கைக்குத் தைரியம் வரவில்லை. இந்தக் கையை வைத்துக்கொண்டுதான், நான் சொன்ன ஒரே வார்த்தைக்காகத் திங்கட்கிழமை அந்த அறைக்குள் போய் உட்கார்ந்து நாள் முழுக்க மருந்து அடைக்க இவர் சம்மதித்திருக்கிறார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் போட்டிருந்த சட்டைப் பையிலிருந்து போனை நானே எடுத்தேன். போர்மேனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அவுக திங்கக்கிழமை வரமாட்டாக."

"என்னம்மா இது? நேத்துத்தான வாரேன்னு அவரே சொன்னாரு?"

"சொன்னது அவுக வாயிண்ணே. அனுப்புனது நானு. சொன்ன நானே இப்ப வேண்டாம்னு சொல்லுதேன்."

"சரி, இந்த சீசன் போகட்டும். அடுத்த சீசனுக்காச்சும்..."

"எந்த சீசனுக்கும் வரமாட்டாக, போனை வச்சிருங்கண்ணே" என்றேன்.