அடைத்துக்கொண்ட வழியும் ஒரு ரப்பர் குழாயும்

பிரசவக் கிழிசலுக்குச் செய்த ஆப்பரேஷன் முடிந்து மூன்று மாதமாகியும் எனக்குத் தூரம் (மாதவிலக்கு) வரவில்லை. மாமியாரின் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தத் தடவ பையனாத்தான் இருக்கோணும்" என்று தினமும் பால் காய்ச்சித் தந்தார். எனக்கு மட்டும் சந்தேகம். பிள்ளை உண்டானவளுக்கு மாதாமாதம் தவறாமல் வலி வருமா?

வந்தால் மூன்று நாள் அடிவயிறு முறுக்கும். நான்காம் நாள் தானாக விட்டுவிடும். அடுத்த மாதம் அதே கெடுவில், முன்னைவிடக் கடுமையாக வரும். மூன்றாவது முறை கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும்போதே சுருண்டு உட்கார்ந்துவிட்டேன். ஊரிலிருந்து பஸ் ஏற்றி, ஆப்பரேஷன் செய்த சேலத்து டாக்டரம்மாவிடமே கணவர் அழைத்துப் போனார்.

அவர் சோதித்துவிட்டு, காம்பு கீழே பார்க்கும்படி ஒரு கத்தரிக்காயைக் காகிதத்தில் வரைந்தார்.

"இது கர்ப்பப்பை. காம்புதான் அதோட வாய். பிரசவத்துல கிழிஞ்ச சதையை வெட்டித் தைச்சேன் இல்லையா? அங்கே வழி சுருங்கி அடைச்சுக்கிச்சு. வெளியே வரவேண்டிய ரத்தம் உள்ளேயே தேங்குது."

"அப்போ புண்ணு ஆறவே இல்லீங்களா?"

"நல்லா ஆறிடுச்சு. அதனாலதான் அடைச்சுது."

குளோரோபாரம் (மயக்க மருந்து) கொடுத்து, மெல்லியதில் தொடங்கி ஒன்றைவிட ஒன்று தடித்த உலோகக் கம்பிகளால் வழியை விரிப்பார்களாம். மறுபடி மூடாதிருக்க ஒரு ரப்பர் குழாயை உள்ளே வைத்துத் தையலில் நிறுத்துவார்களாம்.

"ஏனுங்க டாக்டரம்மா, உள்ள வெக்கறத நான் ஒருக்காப் பாக்கலாமுங்களா?"

நர்ஸ் சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதே மாதிரி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ஒரு முனையில் சின்ன விளிம்பு. கண்ணருகே வைத்துப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் மிளகளவுக்குத் தெரிந்தது. இவ்வளவுதானா என்று பயம் பாதி போய்விட்டது.

குழாயோடு ஊர் திரும்பினேன். பத்தாம் நாள், வலியே இல்லாமல் தூரம் வந்தது. அன்றோடு மாமியார் பால் காய்ச்சித் தருவதை நிறுத்திவிட்டார். இருபதாம் நாள் குளிக்கும்போது தையல் விட்டுக் குழாய் நழுவி வெளியே விழுந்தது. அதைக் கழுவித் துணியில் சுற்றி, மறுநாளே சேலம் போனோம்.

"மறுபடியும் அடைச்சுக்குமுங்களா?" என்று கணவர்தான் முதலில் கேட்டார்.

டாக்டரம்மா மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தார். தடையில்லாமல் போயிற்று. "இப்போ திறந்திருக்கு. ஆனா சுருங்காதுன்னு சொல்லமாட்டேன். மூணு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டுங்க."

இரண்டு வருடமாகப் போய்வருகிறேன். ஒருமுறை சுருங்கியிருந்தது, விரித்துவிட்டார்கள். இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: தூரம் நின்று மாதாமாதம் வலி மட்டும் வந்தால் காத்திராதீர்கள். உள்ளே என்ன வைக்கிறார்கள் என்று கேளுங்கள், கையில் வாங்கிப் பாருங்கள்.

காயம் ஆறுவது நல்லது என்றுதான் முன்பெல்லாம் நினைத்திருந்தேன். உடம்புக்கோ காயமும் ஒன்றுதான், வழியும் ஒன்றுதான். திறந்திருப்பதை மூடப் பார்க்கிறது. இப்போது காலில் முள் குத்தினால்கூட அந்த இடத்தைத் தினம் உற்றுப் பார்க்கிறேன். நான் சோறு வடிக்கையிலும் தூங்குகையிலும், என்னைக் கேட்காமல், அது கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டிருக்கிறது.